காப்புக் கட்டிய கருடன்கள்

திருகோணமலையில் தெருவோரம் ஒரு பை தனியாகக் கிடந்தால் ஊரே எதிர்ப்பக்கம் நடக்கும். அந்த ஊரில் ஒரு வெள்ளைக்காரர் மெனக்கெட்டு ஒரு டப்பாவை ஒளித்து வைக்கிறார். அதைத் தேடி எடுக்க என் கணவர் திருச்சியிலிருந்து கிளம்பிப் போகிறார். இரண்டு பேரில் யாருக்கு மூளை குறைவு என்று என்னால் இன்றுவரை தீர்மானிக்க முடியவில்லை. கூடப் போன என்னையும் சேர்த்தால் மூன்று பேர்.

நியாயமாகச் சொன்னால் நாங்கள் போனது கும்பாபிஷேகத்துக்கு. என் நாத்தனார் மாலதி, சண்டைக்குப் பயந்து திருச்சிக்குப் படிக்க வந்திருந்த ஒரு திருகோணமலைப் பையனைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டவள். போர்நிறுத்தம் வந்ததும் அவனுடைய ஊருக்கே குடிபோனாள். அவளுடைய மாமனார், துறைமுகத்தை ஒட்டிய சின்னப் பிள்ளையார் கோயில் ஒன்றுக்கு வண்ணக்கர். கோயில் நிர்வாகியை அந்தப் பக்கம் அப்படித்தான் சொல்கிறார்கள். பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை செய்கிற கும்பாபிஷேகம், கட்டாயம் வரவேண்டும் என்று மாலதி தொலைபேசியில் அழுதாள். என் கணவர் சேகர் உடனே சரி என்றார். தங்கை மேல் இவ்வளவு பாசமா என்று நெகிழ்ந்துபோனேன். அப்புறம்தான் தெரிந்தது, மனிதர் இணையத்தில் திருகோணமலை என்று தட்டிப் பார்த்திருக்கிறார், அங்கே ஒரு டப்பா இருந்திருக்கிறது.

அந்த விளையாட்டுக்கு ஜியோகேஷிங் என்று பெயர். உலகத்தில் எங்கோ ஒருவர் ஒரு டப்பாவில் பொம்மை, சாவி வளையம் என்று நாலு அற்பப் பொருள்களைப் போட்டு ஒளித்து வைப்பார். அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் கையில் ஜி.பி.எஸ். கருவியோடு தேடிப் போக வேண்டும். கிடைத்தால் என்ன கிடைக்கும் என்று கேட்டேன். கிடைத்தது என்ற திருப்தி கிடைக்கும் என்றார். சிங்கப்பூரில் இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு மற்றவர்கள் நகையோடு வந்தார்கள், இவர் அந்தக் கருவியோடு வந்தார்.

கொழும்பிலிருந்து போகும் பேருந்தில் சோதனைச் சாவடி வரும்போதெல்லாம் இறங்கி, மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்து, மறுபடி ஏற வேண்டியிருந்தது. சண்டை ஓய்ந்திருந்ததே தவிர முடிந்திருக்கவில்லை, துப்பாக்கிகள் எல்லாம் அங்கங்கே அப்படியே இருந்தன. என் கணவர் செயற்கைக்கோள் சமிக்ஞை கிடைக்கவில்லை என்று கருவியோடு கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டினார். “ஏங்க, கையை உள்ள எடுங்க, சுட்டுத் தொலைச்சிடப் போறான்” என்றேன். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

மாலதி ஆளே மாறியிருந்தாள். தில்லைநகரில் பிறந்தவள், “வாங்கோ அண்ணி, களைச்சுப் போனீங்கள், குளிச்சிட்டு வாங்கோ, ஆறுதலாக் கதைப்பம்” என்றாள். புட்டும் சொதியும் சம்பலும் வைத்தாள். சாப்பாட்டில் குறை சொல்ல முடியாது. காப்பிதான் கொடுமை. கேட்டுக் கேட்டு ஒரு தம்ளர் வந்தது, குடித்துப் பார்த்துவிட்டு அன்று முதல் தேநீருக்கு மாறிவிட்டேன்.

வண்ணக்கர் மாமா ஓய்வுபெற்ற தபாலதிபர். ஒல்லியாக, நெட்டையாக, விபூதிப் பட்டையோடு இருப்பார். கும்பாபிஷேகத்துக்காக வலது மணிக்கட்டில் மஞ்சள் நூலால் காப்புக் கட்டியிருந்தார். காப்புக் கட்டினவர் அதை அவிழ்க்கும்வரை மீனும் இறைச்சியும் தொடக் கூடாது. அங்கே அதையெல்லாம் மொத்தமாக மச்சம் என்கிறார்கள். வீட்டு வாசலுக்குள்ளேயே மச்சம் வரக் கூடாதாம். பிறந்ததிலிருந்து சைவமான எனக்கு அதில் ஒரு கஷ்டமும் இல்லை.

சாப்பிடும்போது அவர் என்னைப் பார்த்து, “பிள்ளை, உங்கட ஊரில கும்பாபிஷேகம் எண்டால் கருடன் வாறதோ?” என்று கேட்டார்.

“வராம என்ன மாமா? கலசத்துல தண்ணி ஊத்துற நேரம் சரியா வந்து கோபுரத்தைச் சுத்தும். எங்க அத்தை ஊர் கும்பாபிஷேகத்துல மூணு கருடன் வந்துச்சு” என்றேன், ஊர்ப் பெருமையை விட்டுக்கொடுக்காமல். அதற்குப் பிறகு அவர் தட்டில் கை வைக்கவே இல்லை. மாலதி எனக்கு மேஜைக்கடியில் ஒரு உதை விட்டாள்.

உதைக்குக் காரணத்தை அவள் சமையலறையில் தேங்காய் திருவிக்கொண்டே சொன்னாள். சென்ற கும்பாபிஷேகத்தையும் செய்துவைத்தவர் இதே மாமாதான். மற்ற நாளெல்லாம் துறைமுகத்துக்கு மேலே கூட்டமாக வட்டம் போடும் செம்பருந்துகளில், அவைதான் கருடன், ஒன்றுகூட அன்றைக்கு எட்டிப் பார்க்கவில்லை. ஊரே அண்ணாந்து நின்று ஏமாந்திருக்கிறது. சில வாரங்களில் சண்டை மறுபடி மூண்டது. ஊரை விட்டு ஓடினார்கள். மாமாவின் மூத்த மகன் போனவன் திரும்பவில்லை. பக்கத்துத் தெருப் பொன்னம்மாக்காவின் இரண்டு மகன்களும் அப்படியே. கருடன் வராமல் குடம் கவிழ்த்ததால்தான் இத்தனையும் என்று ஒரு பேச்சு கிளம்பி, அது அடங்கவே இல்லை.

“மற்ற ஆக்கள் முதுகுக்குப் பின்னால சொல்லுவினம். பொன்னம்மாக்கா மட்டும் நேரே சொல்லுவா. பன்னிரண்டு வருசமாக் கோயிலுக்குள்ள கால் வைக்கேல்லை. இந்த முறை வருவன், வானத்தைப் பாக்கத்தான் வருவன் எண்டு சொல்லியிருக்கிறா” என்றாள் மாலதி.

ஒரு பறவை வராததற்கும் ஒரு நாட்டின் சண்டைக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குக் கோபமாக வந்தது. மாலதி தேங்காயைத் திருவிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் காலை என் கணவர் ஆட்டோ பிடித்து, ஓட்டுநரிடம் கருவியில் இருந்த எண்களைக் காட்டினார். “அண்ணை, இது டெலிபோன் நம்பரோ?” என்றார் அவர். “இல்லப்பா, இதுதான் போக வேண்டிய இடம்” என்றார் இவர். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். அப்புறம் கருவியில் அம்புக்குறி காட்டின பக்கமெல்லாம் திரும்பிப் போனோம். முதலில் அது எங்களைக் கடற்படை வேலிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது. காவலுக்கு நின்றவன் துப்பாக்கியைச் சற்று அசைத்தான். ஓட்டுநர் வண்டியைத் திருப்பிய வேகத்தில் என் செருப்பு ஒன்று வெளியே விழுந்தது. திரும்பப் போய் எடுக்க அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

ஒற்றைச் செருப்போடு நான் போய்ச் சேர்ந்த இடம் ஒரு பாழடைந்த ஐஸ் தொழிற்சாலை. சண்டைக் காலத்தில் கடலுக்குப் போகத் தடை வந்ததும் மூடியது, பிறகு திறக்கவில்லையாம். பிள்ளையார் கோயில் அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். அதாவது, கோயிலை ஒட்டியிருந்த மாலதி வீட்டிலிருந்து நடந்தே வந்திருக்கலாம். “குளிர் போன இடத்தின் பின்சுவரில், மூன்றாவது ஓட்டை” என்பது டப்பாக்காரர் கொடுத்த குறிப்பு. என் கணவர் ஓட்டை ஓட்டையாகக் கைவிட்டுத் தேடினார். பாம்பு இருந்தால் என்ன செய்வது என்று நான் கத்தினேன். பாம்பும் இல்லை, டப்பாவும் இல்லை.

உள்ளே ஏதோ படபடவென்று அடித்துக்கொண்டது. கதவில் புதுப் பூட்டுத் தொங்கியது. பக்கத்து ஜன்னலில் கோழிக்கம்பி அடித்திருந்தார்கள். எட்டிப் பார்த்தேன்.

இரண்டு கருடன்கள். வெள்ளைத் தலை, செம்மண் நிறத்தில் உடம்பு, நான் அத்தனை கிட்டத்தில் பார்த்ததே இல்லை. ஒன்று உடைந்த குழாய் மேல் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தது. இன்னொன்று தரையில் இறக்கை தொங்கக் கிடந்தது. முன்னால் வாழையிலை விரித்து, பால்சோறும் உரித்த வாழைப்பழமும் வைத்திருந்தது. இலையின் ஓரத்தில் செம்பருத்திப்பூ வேறு. பால்சோறு புளித்த வாடை ஜன்னல் வரை வந்தது. இரண்டு பறவைகளின் காலிலும் மஞ்சள் நூல் கட்டியிருந்தது.

அந்த நூலைப் பார்த்ததும் எனக்கு விஷயம் பாதி விளங்கிவிட்டது. மீதி, நடந்தே வந்து சேர்ந்தது. வண்ணக்கர் மாமா ஒரு கையில் பால் செம்பும் மற்றக் கையில் மூடி போட்ட பச்சை டப்பாவுமாக வந்து, எங்களைக் கண்டு நின்றுவிட்டார்.

“அது என் டப்பா” என்றார் என் கணவர்.

அந்த நேரத்தில் வேறெந்த மனிதனுக்கும் அந்த வாக்கியம் தோன்றியிருக்காது. மாமா பாவம், டப்பாவைப் பார்த்துக்கொண்டார். “சுவருக்குள்ள கிடந்தது தம்பி. உள்ளுக்க ஒரு விளையாட்டுக் காரும் சாவி வளையமும் இருந்தது. ஆரோ பிள்ளையாருக்கு நேந்து வைச்சிருக்கினம் எண்டு உண்டியல்ல போட்டிட்டன். மூடி நல்ல இறுக்கம், சோறு கொண்டுவர வசதியா இருந்தது” என்றார்.

பிறகு செம்பைத் தரையில் வைத்துவிட்டு, ஒரு மீனவரிடம் சொல்லிப் பிடித்த கதையைச் சொன்னார். தூபியில், அதாவது கோயில் உச்சிக் கலசத்தில், குடம் கவிழ்க்கும் நேரத்தில் இரண்டையும் திறந்துவிடுவது திட்டம். “வரும் எண்டு போன முறை நம்பி இருந்தனான் பிள்ளை. இந்த முறை நம்பியிருக்க என்னால ஏலாது” என்றார்.

“சரி மாமா, அதுக்குப் பால்சோறு எதுக்கு? இது மீன் தின்கிற பறவை.”

“பிடிச்சுத் தந்தவனும் சொன்னவன். ஆனா அதுகளுக்கும் காப்புக் கட்டியாச்சு. கோயில் காரியத்துக்கு வந்த சீவன், காப்பு அவிழ்க்கும் மட்டும் மச்சம் தொடக் கூடாது.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் பெரியவர் என்றும் பார்க்கவில்லை. “அதுக்கு யார்கிட்ட மாமா சம்மதம் கேட்டீங்க? பட்டினியில செத்துப் போயிடும். பிள்ளையார் கோயில்ல கருடனைக் கொன்ன பாவமும் சேர்ந்து வரட்டுமா? நூலை அவிழ்த்து இப்பவே விட்டுடுங்க” என்றேன்.

அவர் தரையில் கிடந்த பறவையைப் பார்த்தார். அது பறக்கும் நிலையில் இல்லை என்று எனக்கும் தெரிந்தது. கும்பாபிஷேகத்துக்கு நாலே நாள் இருந்தது. “நானும் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன் பிள்ளை. சாப்பிடுதில்லை. எனக்கு என்ன செய்யிறது எண்டு விளங்கேல்லை” என்றார். அதற்கு மேல் எப்படித் திட்டுவது? மீனை நாங்கள் போடுகிறோம் என்று என் கணவர் வாக்குக் கொடுத்தார். மாமா சாவியை எடுத்துச் சுவர் மேல் வைத்தார். “எனக்குத் தெரியாமல் நடக்கிறது எனக்குத் தெரியாது. காப்பை மட்டும் அவிழ்க்காதேங்கோ” என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்.

திரும்பும் வழியில் சாவடியில் கருவி பிடிபட்டது. இது எதற்கு என்று சிங்களத்தில் கேட்டதை ஒருவர் தமிழில் சொன்னார். “புதையல் கண்டுபிடிக்கிறதுக்கு” என்றார் என் கணவர். துறைமுகத்துக்குப் பக்கத்தில், வரைபடம் காட்டும் கருவியோடு, புதையல். அரைநாள் வெயிலில் உட்காரவைத்தார்கள். ஊருக்குப் போகும்போது வாங்கிக்கொள்ளலாம் என்று கருவியை வைத்துக்கொண்டு ஆளை மட்டும் விட்டார்கள். அன்றிரவு துக்கத்தை மறக்க இடியப்பமும் நெருப்பாய் எரிக்கும் கட்டைச் சம்பலுமாகச் சாப்பிட்டார். விடிந்ததிலிருந்து கழிப்பறைக்கும் கட்டிலுக்குமாக நடந்தார். ஆகவே மீன் வாங்கும் பொறுப்பு, ஜென்மத்தில் மீனைத் தொடாத என் தலையில் விழுந்தது.

டவுன் சந்தையில் வாங்க முடியாது. அங்கே பாதிப் பேருக்கு நான் வண்ணக்கர் வீட்டு விருந்தாளி என்று தெரியும். கும்பாபிஷேக நேரத்தில் அந்த வீட்டு ஆள் மீன் வாங்கினாள் என்ற செய்தி எனக்கு முன்னால் வீடு போய்ச் சேரும். குடாவுக்கு அந்தப் பக்கம், கிண்ணியாவுக்குப் போய் வாங்குவதுதான் புத்திசாலித்தனம் என்று முடிவு செய்தேன். நாலு காசு மீனுக்கு ஒரு பேருந்து, பிறகு ஒரு தோணிப் பயணம். தோணி என்றால் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு போகும் அகலமான மிதவை. அதைப் பாதை என்கிறார்கள்.

கிண்ணியாச் சந்தையில் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். “என்ன மீன் வேணும்?” என்றார் வியாபாரி. எனக்கு மீனில் மீன் என்ற ஒரு வகைதான் தெரியும். “சின்னதா, எலும்போட” என்றேன். “ஆக்கிறதுக்கோ, பொரிக்கிறதுக்கோ?” “பச்சையாத் தின்கிறதுக்கு” என்று வாய்தவறி வந்துவிட்டது. அவர் ஓரடி தள்ளி நின்று, சூடை என்கிற சின்ன மீனை நிறுத்தார். பணத்தை வாங்கும்போதுகூட என் கையைத் தொடாமல் வாங்கினார்.

பொட்டலத்தை, எங்கள் ஊர் ஜவுளிக்கடையில் கொடுத்த மஞ்சள் துணிப்பையில் போட்டுக்கொண்டு பாதையில் ஏறினேன். நடுத்தண்ணீரில் அதன் இயந்திரம் நின்றுபோனது. வெயில் ஏற ஏற மீன் தன் இருப்பைத் தெரிவிக்கத் தொடங்கியது. கொள்ளிடத்தில் பாலம் வந்து எத்தனை தலைமுறை ஆயிற்று, இவர்கள் இன்னும் இப்படி மிதக்கிறார்களே என்று நான் பொருமிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்ற வெள்ளைச் சேலை அம்மா மூக்கைச் சுளித்தார்.

“நீங்கள் மாலதியின்ர அண்ணி எல்லோ? நான் பொன்னம்மா. உங்கட மாமா வீட்டுக்கு அடுத்த தெருதான்” என்றார்.

இத்தனை பேர் இருக்கிற குடாவில் இவர்தானா வரவேண்டும்? சேலை வாங்கக் கிண்ணியாவுக்கு வந்தேன் என்று பையைத் தட்டிக் காட்டினேன். அவர் பையையும் பார்த்தார், அதன் அடியிலிருந்து சொட்டிய தண்ணீரையும் பார்த்தார்.

கரையில் எல்லோரையும் இறக்கிச் சோதித்தார்கள். ஒரு சிப்பாய் என் பைக்குள் கையை விட்டுவிட்டு, உதறிக்கொண்டே, “மாளு, மாளு” என்று சிரித்தான். “மீனாம். சேலையை நல்லா மடிச்சு வைச்சிருக்கிறீங்கள்” என்றார் பொன்னம்மாக்கா.

“பூனைக்கு வாங்கினேன்” என்றேன்.

“வண்ணக்கர் வீட்டில பூனை இல்லையே” என்றார். பேருந்தில் என் பக்கத்திலேயே உட்கார்ந்து, இறங்கும்வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஐஸ் தொழிற்சாலைக்குள் போய், பொட்டலத்தைப் பிரித்து, இரண்டு விரலால் ஒரு மீனைத் தூக்கிப் போட்டேன். குமட்டியது. குழாய் மேல் இருந்தது ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது. பிறகு நடந்தது எனக்குத் தெரியாது, ஏனென்றால் அது பாய்ந்த பாய்ச்சலில் நான் வெளியே நின்றேன். தரையில் கிடந்ததுதான் கவலையாக இருந்தது. ஒரு மீனை அதன் அலகுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, வாயில் வந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டேன். வெகுநேரம் கழித்து அது மீனைக் காலால் அழுத்தி ஒரு துண்டு கிழித்தது. அந்தச் சத்தம் அருவருப்பானதுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்த நாளும் கிண்ணியா. என் கணவர் தேறிவிட்டிருந்தாலும் பறவைகளுக்கு என் மஞ்சள் பைதான் கணக்கு. பையை ஜன்னலுக்கு நேரே தூக்கினாலே இரண்டும் ஒரு கூப்பாடு போடும். என் பிள்ளைகள்கூட என்னை அப்படி எதிர்பார்த்ததில்லை. நோஞ்சானாகக் கிடந்தது உத்தரத்துக்குப் பறந்து ஏறிவிட்டது. நூலை மட்டும் அவிழ்க்கவில்லை, வாக்கு வாக்குதானே. வெளியே வந்து பூட்டும்போது எதிர்ச்சந்தில் ஒரு வெள்ளைச் சேலை மறைவதைப் பார்த்தேன். பொன்னம்மாக்காவின் வீட்டுக் கொல்லை அங்கேதான் முடிகிறது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், கருடனைக் கூண்டில் வைத்து ஏமாற்றினவர் என்று மாமாவுக்கு இன்னொரு பன்னிரண்டு வருடம் பழி. மாமாவிடம் சொல்லலாமா என்று என் கணவரைக் கேட்டேன். “சொல்லி என்ன ஆகப் போகுது, அவர் தூங்குறதும் போயிடும்” என்றார். அந்தப் பயணத்தில் அவர் சொன்ன ஒரே உருப்படியான பேச்சு அது.

கும்பாபிஷேகத்துக்கு முதல்நாள் எண்ணெய்க்காப்பு. எங்கள் ஊரில் மூலவரைத் தொடுவது இருக்கட்டும், கிட்டத்தில் நின்று பார்க்கவே தள்ளுமுள்ளு. அங்கே ஊர்ச்சனம் எல்லோரும் வரிசையில் போய்த் தங்கள் கையாலேயே பிள்ளையாருக்கு எண்ணெய் சாத்துகிறார்கள். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஆசையாக இருந்தது. வரிசையில் பாதி தூரம் போன பிறகு கையை முகர்ந்து பார்த்தேன். சீயக்காய், புளி, எலுமிச்சை எல்லாம் போட்டுத் தேய்த்தும் சூடை மீன் போகவில்லை. பேசாமல் விலகி, தூணோரம் போய் நின்றேன். எரிச்சலில் யாரைத் திட்டுவது என்று தெரியாமல் என்னையே திட்டிக்கொண்டேன்.

மாமா உள்ளேயிருந்து பார்த்திருக்க வேண்டும். எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து, “கையை நீட்டுங்கோ பிள்ளை” என்றார்.

“வேண்டாம் மாமா. கை சுத்தமில்லை.”

“எனக்கொண்டும் மணக்கேல்லை” என்று சொல்லி, என் உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றி, வரிசைக்கு முன்னால் கொண்டுபோய் விட்டார். பிள்ளையாரின் தும்பிக்கையில் நுனிவரை தடவிவிட்டேன்.

மறுநாள் காலை நல்ல வெயில். தூபியைச் சுற்றிச் சாரம் கட்டி, குருக்களும் மாமாவும் மேலே நின்றார்கள். கீழே சனம் மேளத்துக்கு நடுவில் அண்ணாந்து நின்றது. பொன்னம்மாக்கா வந்திருந்தார். சரியாக என் பக்கத்தில் வந்து நின்றார். அவர் வந்ததைக் கண்டதும் சுற்றியிருந்தவர்கள் பேச்சைக் குறைத்தார்கள். ஐஸ் தொழிற்சாலையில் என் கணவர். காண்டாமணி அடித்ததும் கம்பியைப் பிரித்துவிட வேண்டும், அவ்வளவுதான் வேலை. அதையாவது சரியாகச் செய்யச் சொல்லி மூன்று முறை சொல்லியிருந்தேன்.

மணி அடித்தது. குருக்கள் குடத்தைத் தூக்கினார். எல்லாத் தலையும் வானத்தைத் தேடின. இரண்டு கருடன்களும் வெளியே வந்தன. வந்து, ஐஸ் தொழிற்சாலைக் கூரை மேல் உட்கார்ந்துகொண்டன. அங்கே பார்க்க யாருக்கும் தோன்றவில்லை, எனக்கு மட்டும் தெரிந்தது. ஒன்று சாவகாசமாக இறக்கையைக் கோதத் தொடங்கியது. குருக்கள் மாமாவைப் பார்த்தார். மாமா கொஞ்சம் பொறுக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். வானம் சுத்தமாக இருந்தது. யாரோ ஒருவர் பின்னால் பெருமூச்சு விட்டார். மேலே நின்ற மாமா காட்டின கையை இன்னும் இறக்கவில்லை.

என்னிடம் மஞ்சள் பை இருந்தது. மாலதி எதுவும் தெரியாமல் அதைத் துவைத்து, அர்ச்சனைத் தேங்காயையும் கற்பூரத்தையும் அதில் போட்டுக் கொடுத்திருந்தாள். வெயிலுக்கு மறைப்பது போல அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன்.

முதலில் ஒன்று கிளம்பியது. நோஞ்சானாகக் கிடந்ததுதான். இன்னொன்று பின்னாலேயே. நேராக வந்து கோயிலுக்கு மேலே தாழ வட்டம் போட்டன. தேங்காய்க்கு அவை இறங்கவில்லை, மீன் எப்போது வரும் என்று சுற்றின. தூபியைச் சுற்றி ஒரு முறை, பிறகு இன்னொரு முறை. குருக்கள் குடத்தைக் கவிழ்த்தார். “அரோகரா” என்று எழுந்த சத்தத்தில் எனக்குக் காது அடைத்தது. வெயிலில் அவற்றின் காலில் மஞ்சள் நூல் பளிச்சென்று தெரிந்தது. பையைத் தூக்கியிருந்த கை எனக்கு மரத்துப்போய்விட்டது.

சத்தம் மெல்ல அடங்கியது. பார்த்தால், பாதிப் பேர் வானத்தைப் பார்க்கவில்லை, பொன்னம்மாக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேலேயிருந்து மாமாவும். பொன்னம்மாக்கா கண்ணுக்குக் கையை மறைத்து, பறவைகளை ஒரு முழு வட்டம் பின்தொடர்ந்தார். அவற்றின் காலைப் பார்த்தார். பிறகு என் தலைக்கு மேலிருந்த பையைப் பார்த்தார். பையை மெல்ல இறக்கினேன்.

“வந்திட்டுது” என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. “ரெண்டும் வந்திட்டுது. நான் என்ர கண்ணால பாத்தனான். இனி அந்தாளை ஒருத்தரும் ஒண்டும் சொல்லக் கூடாது.”

இரண்டு கையையும் தலைக்கு மேல் குவித்துக்கொண்டு, நேரே கோயிலுக்குள் போனார். மாமா சாரத்தில் ஒரு கையால் தூபியைப் பிடித்துக்கொண்டு, சின்னப்பிள்ளை போல விம்மி விம்மி அழுதார். நானும் அழுதேன். என் கணவர் ஓடிவந்து, “பார்த்தியா, மணி அடிச்ச உடனே திறந்துட்டேன்” என்றார். அவரை அப்போது அடிக்காமல் விட்டதற்கு எனக்குப் பிள்ளையார் ஏதாவது செய்ய வேண்டும்.

அன்னதானப் பந்தியில் பொன்னம்மாக்கா எனக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். பருப்பைப் பிசைந்துகொண்டே, குரலைத் தாழ்த்தி, “எத்தனை நாளாப் பட்டினி போட்டிருந்தவர்?” என்று கேட்டார். மறைக்க ஒன்றும் மிச்சமில்லை, எல்லாவற்றையும் சொன்னேன். பால்சோறு என்றபோது அவருக்குச் சிரிப்பு வந்து புரையேறியது. தண்ணீர் குடித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“என்ர பெடியள் ரெண்டு பேருக்கும் சூடை மீன் எண்டால் உயிர்” என்றார் பிறகு.

தண்ணீர்த் தம்ளரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

“அதுகள் இப்பவும் ஐஸ் பெக்டரிக் கூரையிலதான் குந்தியிருக்குதுகள். போக மனமில்லை போல. நீங்கள் நாளைக்கு ஊருக்குப் போயிடுவியள். தானாத் தேடித் தின்னப் பழகும் மட்டும் ஆராவது பாக்க வேணும்.” இலையை மடித்துவிட்டு எழுந்து, என் முன்னால் கையை நீட்டினார். “அந்த மஞ்சள் பையைத் தாங்கோ பிள்ளை. பின்னேரப் பாதைக்கு நான் கிண்ணியாவுக்குப் போறன்.”

தேங்காயை எடுத்துக்கொண்டு பையைக் கொடுத்தேன்.